மார்கழி ஓட்டம்: கால் கெடாமல் தையைத் தொடுவது எப்படி?

வைகை_வடகரை
டிசம்பர் 19, இரவு 9:10

வணக்கம். இவ்வளவு நாள் இங்கே படித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. வயது 38, உட்கார்ந்து பார்க்கிற வேலை. தீபாவளிக்கு அப்புறம் மழை கொஞ்சம் விட்டதும் ஓட ஆரம்பித்தேன். வீடு மதுரையில் செல்லூர்ப் பக்கம், வைகை ஆற்றோரச் சாலையில் இறங்கினால் நேராக ஓட வேண்டியதுதான்.

முதலில் 3, 4 கிலோமீட்டர். நன்றாக மூச்சு வாங்கும், நடுவில் நடப்பேன். டிசம்பர் பிறந்து பனி விழ ஆரம்பித்ததும் ஆளே மாறிவிட்டேன். சித்திரையில் கடைத்தெருவுக்குப் போய்வந்தாலே சட்டை பிழிகிற ஊரில் 9 கிலோமீட்டர் ஓடியும் களைப்பு தெரியவில்லை. அந்தத் தெம்பில் போன ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு ஒரே மூச்சில் 16 ஓடினேன். ஜனவரி முதல் வாரம் சென்னையில் 21 கிலோமீட்டர் ஓடப் பணமும் கட்டியாயிற்று.

இப்போது இடது காலில், முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே எலும்பின் உள்பக்கம் வலி. ஓட ஆரம்பிக்கும்போது வலிக்கிறது, ஒரு கிலோமீட்டரில் அடங்குகிறது, குளித்துவிட்டு ஆபீஸ் கிளம்பும்போது திரும்ப வருகிறது. "பனியில ஓடினா நரம்பு இழுத்துக்கும், பேசாம தை பிறந்த பிறகு ஓடு" என்கிறார் அம்மா. குளிர்தான் காரணமா? வருஷா வருஷம் மார்கழியில் ஓடுகிறவர்கள் என்ன செய்கிறீர்கள்?


தெப்பக்குளம்_சுற்று
டிசம்பர் 20, காலை 7:55

தம்பி, எனக்கு 56. இது என் பதினான்காவது மார்கழி. அம்மாவை நான் மறுத்துப் பேசவில்லை, ஆனால் குளிர் மேல் முழுப் பழியையும் போடாதீர்கள். நம்மூரில் மார்கழி விடியற்காலை 20, 21 டிகிரி இருக்கும். அந்தக் குளிருக்கு எலும்பு வலிக்காது.

வெயில் காலத்தில் நம்மை நிறுத்துவது கால் இல்லை, மூச்சும் சூடும்தான். 5 கிலோமீட்டரிலேயே நெஞ்சு அடித்துக்கொள்ளும், நிறுத்திவிடுவோம். கால் தப்பித்துவிடும். மார்கழியில் அந்தக் கடிவாளம் கழன்றுவிடுகிறது. மூச்சு "போ போ" என்கிறது, நாமும் போகிறோம். மூச்சு சில வாரத்தில் பழகிவிடும் தம்பி. எலும்பும் தசைநாரும் பழக மாதக்கணக்காகும். 9 ஓடிக்கொண்டிருந்தவர் 16-க்குப் போனதுதான் உங்கள் வலி என்று எனக்குப் படுகிறது.

நான் படித்த பாடமும் இதுதான். ஆறு வருஷம் முன்னால் இதே மாதத்தில் ஒரு நாள் காலை அப்படியொரு உற்சாகம். கதவைத் திறந்ததுமே வேகம் எடுத்தேன். இரண்டாவது கிலோமீட்டரில் வலது கெண்டைக்காலில் யாரோ பின்னாலிருந்து கல் எறிந்தது போல 'சடக்'. திரும்பிப் பார்த்தேன், ஒருவரும் இல்லை. தசை கிழிந்திருந்தது. இரண்டு மாதம் நொண்டினேன்.

அன்றிலிருந்து பழக்கத்தை மாற்றிக்கொண்டேன். வீட்டிலிருந்து தெப்பக்குளத்துக்குப் பத்து நிமிடம் நடந்தே போகிறேன். கடைசி இரண்டு நிமிடம் நடையை எட்டிப்போடுவேன். முதல் சுற்று, பக்கத்தில் ஓடுகிறவரிடம் வீட்டுக் கதை முழுக்கச் சொல்லி முடிக்கிற வேகம். குளம் ஏறத்தாழ 1000 அடிக்கு 950 அடி, ஒரு சுற்று 1.2 கிலோமீட்டர் வரும். இரண்டாவது சுற்றில் நெற்றி வியர்க்கும். அதற்கப்புறம்தான் ஓட்டம்.

இன்னொன்று, இது பலருக்குத் தெரியாது. குளத்தை எல்லோரும் வலமாகவே சுற்றுகிறோம், கோயில் பழக்கம். நான்கு மூலையிலும் ஒரே பக்கம் திரும்புகிறோம், ஒரே காலுக்குத்தான் பாரம். சாலையும் ஓரத்தில் சரிவாக இருக்கும், ஒரு பாதம் எப்போதும் பள்ளத்தில் விழும். இரண்டு வருஷம் அப்படி ஓடி எனக்கு முழங்காலின் வெளிப்பக்கம் வலி வந்தது. சரியாக நான்காவது சுற்றில் ஆரம்பிக்கும், கடிகாரம் வைத்தது போல. இப்போது சாமி கும்பிடப் போகிற நாளில் வலம், ஓடப் போகிற நாளில் ஒருநாள் வலம், ஒருநாள் இடம். எதிரே வருகிறவர்கள் முதலில் முறைத்தார்கள், இப்போது வணக்கம் சொல்கிறார்கள்.


ஒத்தக்கடை_பிசியோ
டிசம்பர் 20, பகல் 1:20

வடகரை சார், ஓட்டத்தை இன்றே நிறுத்திவிட்டு ஒன்று செய்துபாருங்கள். நாற்காலியில் உட்கார்ந்து இடது காலைத் தூக்கி வலது முழங்கால் மேல் போட்டுக்கொள்ளுங்கள். கட்டைவிரலால் கணுக்கால் எலும்புக்கு மேலிருந்து முழங்கால் வரை, எலும்பின் உள்விளிம்பை ஒட்டியே, அரை அரை அங்குலமாக அழுத்திக்கொண்டு வாருங்கள். அவசரப்படாமல், ஒவ்வொரு இடத்திலும் இரண்டு விநாடி.

ஒரு சாண் நீளத்துக்கு ஆங்காங்கே வலித்தால் அநேகமாக ஷின் ஸ்ப்ளின்ட். எலும்பின் மேல்தோலும் அதில் ஒட்டியிருக்கிற தசையும் இழுபட்டுப் புண்ணாகியிருக்கும். தூரத்தைக் குறைத்தால் சில வாரத்தில் அடங்கும். ஒரே புள்ளியில், நாணயம் வைத்து மூடுகிற அளவு இடத்தில் 'ஐயோ' என்று வலித்தால் விஷயம் வேறு. எலும்பே அலுத்துப்போய்க் கீறல் விழப்பார்க்கிறது என்று அர்த்தம். ராத்திரி படுத்திருக்கும்போது வலிக்கிறதா, ஒற்றைக்காலில் நொண்டி அடித்தால் அதே இடத்தில் குத்துகிறதா என்பதையும் சொல்லுங்கள். நொண்டி ஒரு தடவை போதும், வலித்தால் இரண்டாவது வேண்டாம்.

தெப்பக்குளம் சார் சொன்னது ரொம்பச் சரி. வாரத்துக்குப் பத்து சதவீதம்தான் கூட்ட வேண்டும் என்று எல்லோரும் சொல்வோம் இல்லையா? 2025-ல் வந்த ஓர் ஆய்வில் 5,000 பேருக்கு மேல் ஓட்டக்காரர்களைக் கைக்கடிகாரக் கணக்கோடு 18 மாதம் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். வாரக் கணக்கு கூடியதற்கும் காயத்துக்கும் பெரிய தொடர்பு தெரியவில்லை. ஒரே நாள் ஓட்டம் முந்தைய 30 நாளில் ஓடிய அதிகபட்சத் தூரத்தைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் தாண்டியபோதுதான் காயம் கூடியிருக்கிறது. உங்கள் கணக்கில் 9-க்கு அடுத்தது 10 தான் சார். 16 இல்லை.


விளையாட்டு_வாத்தியார்
டிசம்பர் 20, மாலை 6:02

எங்கள் காலத்தில் ஓடுவதற்கு முன்னால் கால் மணி நேரம் ஸ்ட்ரெச் செய்யாமல் மைதானத்தில் இறங்க விடமாட்டோம். குனிந்து பெருவிரலைத் தொட்டு முப்பது எண்ண வேண்டும். இப்போதெல்லாம் யாரும் அதைச் செய்வதில்லை, அதுதான் இத்தனை காயம்.


ஒத்தக்கடை_பிசியோ
டிசம்பர் 20, இரவு 8:45

வாத்தியார் சார், உங்களிடம் படித்த தலைமுறைதான் நானும், மரியாதையோடு சொல்கிறேன். ஆறிக்கிடக்கிற தசையை இழுத்துப் பிடித்து நிற்பதால் ஓட்டக் காயம் குறைவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. தசைக்கு அந்த நேரத்தில் வேண்டியது சூடு. அது அசைவில்தான் வரும். தூணைப் பிடித்துக்கொண்டு காலை முன்னும் பின்னும் ஊஞ்சல் மாதிரி ஆட்டுவது, முழங்காலை இடுப்புவரை தூக்கி நடப்பது, குதிகாலைத் தூக்கி இறக்குவது, பக்கவாட்டில் நாலு எட்டு. ஐந்து நிமிடம் போதும். குனிந்து தொடுவதை ஓடி முடித்த பிறகு, உடம்பு சூடாக இருக்கும்போது, விருப்பம் போல செய்யலாம்.


விளையாட்டு_வாத்தியார்
டிசம்பர் 21, காலை 8:10

சரி டாக்டர், ஏற்றுக்கொள்கிறேன். இன்று பிள்ளைகளை அப்படியே செய்யவிட்டேன், நன்றாகத்தான் இருந்தது.

என் பங்குக்கு ஒன்று சொல்கிறேன், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. புதிதாக ஓடுகிறவர்களைப் பின்னாலிருந்து பாருங்கள். தாவித் தாவி ஓடுவார்கள். பாதம் உடம்புக்கு ரொம்ப முன்னால், குதிகால் 'தொம்' என்று விழும். ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தாலே யாருக்கு முழங்கால் வலி வரப்போகிறது என்று சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவேன். நிமிடத்துக்கு எத்தனை அடி விழுகிறது என்று எண்ணச் சொல்வேன். 155, 160 என்பான் பையன். அதே வேகத்தில் 168-க்கு வா என்பேன். வேகத்தைக் கூட்டக் கூடாது, அடியை மட்டும் சிறிதாக்க வேண்டும். நான் வாயால் 'டக் டக் டக்' என்று தாளம் போட்டுக்கொண்டே கூட ஓடுவேன். இரண்டே வாரத்தில் சத்தம் குறைந்துவிடும். சத்தம் குறைந்தால் முழங்காலுக்கும் இடுப்புக்கும் போகிற அதிர்ச்சியும் குறையும்.


கூடல்நகர்_ஓட்டக்காரி
டிசம்பர் 21, காலை 10:30

எல்லோரும் எலும்பு, தசை என்றே பேசுகிறீர்கள். நான் இருட்டைப் பற்றிப் பேச வேண்டும். என் இரண்டு காயமும் இருட்டில் வந்ததுதான்.

மார்கழியில் சூரியன் வர ஆறரை ஆகிவிடுகிறது, தை நடுவில் இன்னும் சில நிமிடம் தாமதம். வேலைக்குப் போகிறவள், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறவள், 5 மணிக்கு ஓடினால்தான் உண்டு. போன வருஷம் தெருவில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடிய இடத்தில் மண் உள்வாங்கியிருந்தது. முந்தின நாள்வரை சமமாக இருந்த இடம். கால் மடங்கிக் கணுக்கால் சுளுக்கி மூன்று வாரம். அதற்கு முந்தின வருஷம் ஒரு வாசலில் சாணி தெளித்துக் கோலம் போட நனைத்துவைத்த சிமெண்டுத் தரை. கோலத்தை மிதிக்கக் கூடாது என்று ஒதுங்கினேன், ஈரத்தில் வழுக்கி முழங்கை சிராய்த்தது. வாசலில் நின்றிருந்த பாட்டி ஓடி வந்து தூக்கிவிட்டு மஞ்சள் வைத்துவிட்டார்.

இப்போது நெற்றி விளக்கு இல்லாமல் வாசல் தாண்டுவதில்லை. ஒளி பட்டால் மின்னுகிற பட்டை வைத்த மேல்சட்டை, அதுவும் முதுகுப்பக்கம் பெரிதாக. பழனிக்கு நடந்து போகிறவர்கள் பையில் ஒட்டிக்கொள்கிற ஸ்டிக்கர் இருக்கிறதே, அது கூடப் போதும். வண்டி எதிரே வருகிற பக்கமாகவே ஓடுகிறேன். பாட்டு கேட்பதில்லை. தெரியாத சாலைக்கு இருட்டில் போவதில்லை, புதுப்பாதையை வெளிச்சத்தில் ஒரு தடவை நடந்து பார்த்துவிடுவேன். நாலு பெண்கள் சேர்ந்துகொண்டோம், அதனால் வீட்டிலும் பயமில்லை.

அப்புறம் நாய். இந்த மாதங்களில் அவை கூட்டமாகத் திரிகின்றன, குட்டி போட்டதும் நிறைய. ஓடினால் துரத்தும். நின்று, நடையாக, முகத்தை நேருக்கு நேர் பார்க்காமல் கடந்துவிடுவோம். மீறிக் கடித்தால் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரி போங்கள். அரசு ஆஸ்பத்திரியில் ஊசி இலவசம். சின்னக் கீறல்தானே என்று மட்டும் விட்டுவிடாதீர்கள், கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.


மேலூரான்_டொரோண்டோ
டிசம்பர் 21, இரவு 11:40

மேலூரில் பிறந்து இப்போது கனடாவில். இன்று காலை இங்கே மைனஸ் 12. மதுரைக் குளிரைப் பற்றிப் படித்ததும் ஊர் ஞாபகம் வந்துவிட்டது, அழகர்கோவில் சாலையில் பனியில் சைக்கிள் மிதித்த ஞாபகம்.

குளிர் உண்மையிலேயே என்ன செய்யும் என்று சொல்கிறேன், கொடைக்கானலுக்குப் போய் ஓடுகிறவர்களுக்காவது உதவும். தசை சூடாக நேரம் பிடிக்கிறது. அதனால் வார்ம்-அப்பை வீட்டுக்குள்ளேயே, மாடிப்படி ஏறி இறங்கி முடித்துவிட்டுத்தான் வெளியே இறங்குவேன். போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று என்று பாதையை வைத்துக்கொள்வேன். வியர்த்த உடம்போடு எதிர்க்காற்றில் திரும்பினால் விறைத்துவிடும். பருத்தி பனியன் வியர்வையைக் குடித்து ஈரமாகவே இருக்கும், அதனால் சீக்கிரம் உலர்கிற துணி. வாயை மூடி மெல்லிய துணி. உலர்ந்த குளிர்காற்று மூச்சுக்குழாயைச் சுருக்கும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இருமலும் இழுப்பும் வரும்.

இங்கே பெரிய எதிரி ஐஸ். சாலை ஈரமாக இருப்பது போலத் தெரியும், ஆனால் கண்ணாடி மாதிரி உறைந்திருக்கும். அதில் ஓடப் பாதம் அகலாத சின்ன அடி, ஷூவுக்கு மேல் மாட்டுகிற ஆணிப்பட்டை. என்ன போட்டாலும் விழுகிற நாள் உண்டு. விழாமல் சமாளிக்கும்போதுதான் தொடை இடுக்குத் தசை இழுத்துக்கொள்ளும், எனக்கு இரண்டு தடவை. மிக மோசமான நாளில் வீட்டுக்குள் டிரெட்மில்.

ஆனால் ஒன்று கவனித்தேன் அண்ணே. இங்கே குளிர் பயமுறுத்துவதால் எல்லோரும் தூரத்தைக் குறைக்கிறோம். ஊரில் குளிர் கொஞ்சுகிறது, அதனால் கூட்டுகிறீர்கள். தெப்பக்குளம் அண்ணன் சொன்னது அதுதானே.


மாலை_போட்டவன்
டிசம்பர் 22, காலை 6:50

சாமி சரணம். மாலை போட்டிருக்கிறேன், ஜனவரியில் மலைக்குப் போகிறேன். செருப்பில்லாமல்தான் இருக்க வேண்டும், ஓட்டத்தையும் விட மனமில்லை. வெறுங்காலில் ஓடலாமா? வழக்கமாக 8 கிலோமீட்டர் ஓடுவேன்.


ஒத்தக்கடை_பிசியோ
டிசம்பர் 22, பகல் 2:15

சாமி, 8 கிலோமீட்டர் வேண்டவே வேண்டாம். வெறுங்காலில் பாதத்தின் முன்பகுதி முதலில் விழும். ஷூ வாங்கிக்கொண்டிருந்த பாரம் முழுக்கக் கெண்டைக்காலுக்கும் குதிகால் தசைநாருக்கும் பாதத்தின் நீள எலும்புகளுக்கும் போகும். மெல்லிய ஷூவுக்குத் திடீரென்று மாறியவர்களுக்குப் பாத எலும்பில் வீக்கமும் கீறலும் வந்ததை ஸ்கேனில் பார்த்திருக்கிறார்கள். நீங்கள் ஒன்றுமே இல்லாமல் மாறுகிறீர்கள். மண் மைதானத்தில் ஒரு கிலோமீட்டர், ஒருநாள் விட்டு ஒருநாள், மற்ற நாள் நடை. மலை ஏறுவதற்கு நடைதான் நல்ல பயிற்சியும்கூட.

கண்மாய்க்கரைப் பக்கம் போகாதீர்கள், கருவேல முள் ஷூவையே துளைக்கும். டெட்டனஸைத் தடுக்கிற டி.டி. ஊசி போட்டு எத்தனை வருஷம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். விரதத்தில் ஒருவேளைச் சாப்பாடு என்றால் ஓட்டம் இன்னும் குறைய வேண்டும். சாப்பாடு குறைந்து உழைப்பு கூடினால் எலும்புக்கே கேடு, ஆணுக்கும் சரி பெண்ணுக்கும் சரி.


மாலை_போட்டவன்
டிசம்பர் 22, மாலை 5:30

நன்றி டாக்டரம்மா. நடக்கிறேன். சாமி சரணம்.


வைகை_வடகரை
டிசம்பர் 22, இரவு 9:48

அழுத்திப் பார்த்தேன். நேற்றிரவே பார்த்துவிட்டேன், எழுதத்தான் மனம் வரவில்லை. கணுக்காலிலிருந்து கட்டைவிரலை நகர்த்திக்கொண்டே வந்தேன். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை. நடுக்காலுக்குக் கொஞ்சம் கீழே ஒரு இடம் வந்ததும் கை தானாக விலகிவிட்டது. ஐந்து ரூபாய்க் காசு வைத்தால் மூடிவிடும். ஒரு தடவை நொண்டியும் பார்த்தேன், அதே இடம். மூன்று நாளாக இரவிலும் லேசாக வலிக்கிறது, சொல்லாமல் விட்டேன்.

ஆபீஸில் ஒருவர், எண்ணெய் போட்டு உருவிக் கட்டுப்போடுகிற வைத்தியர் ஒருவரிடம் போகச் சொல்கிறார், இரண்டே உருவலில் எழுந்து ஓடலாம் என்கிறார். எக்ஸ்ரே எடுத்தேன், அதில் ஒன்றுமில்லை என்று வந்திருக்கிறது. அப்படியானால் 21 ஓடலாமா?


ஒத்தக்கடை_பிசியோ
டிசம்பர் 22, இரவு 10:05

ஓடாதீர்கள் சார். உருவவும் விடாதீர்கள். சாதாரணத் தசைப்பிடிப்புக்கு எண்ணெய் தேய்ப்பதில் எனக்குச் சண்டை இல்லை, என் பாட்டி தேய்த்துவிட்ட நல்லெண்ணெய் மணம் இன்னும் நினைவில் இருக்கிறது. ஆனால் கீறல் இருக்கலாம் என்று சந்தேகப்படுகிற எலும்பை அழுத்தி உருவக் கூடாது.

எக்ஸ்ரேயை நம்பி நிம்மதி அடையாதீர்கள். இந்த வகைக் கீறல் முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. ஆறத் தொடங்கிப் புது எலும்பு படியும்போதுதான் நிழலாகத் தெரியும். எலும்பு டாக்டரிடம் நடந்ததை அப்படியே சொல்லுங்கள், இரவு வலியைச் சேர்த்துச் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. தேவையா என்று அவர் சொல்வார். வைட்டமின் டி அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். இவ்வளவு வெயில் அடிக்கிற ஊரிலும் ஆபீஸுக்குள்ளேயே இருப்பவர்களுக்குக் குறைவாகத்தான் இருக்கிறது.


தெப்பக்குளம்_சுற்று
டிசம்பர் 23, காலை 7:40

தம்பி, கட்டிய பணம் போனால் போகிறது. சென்னை அடுத்த வருஷமும் அங்கேதான் இருக்கும்.


விளையாட்டு_வாத்தியார்
டிசம்பர் 23, காலை 8:25

ஐஸ் கட்டி வைக்கச் சொல்லலாமா டாக்டர்? நாங்கள் எதற்கெடுத்தாலும் ஐஸ்தான் வைப்போம்.


ஒத்தக்கடை_பிசியோ
டிசம்பர் 23, பகல் 1:50

வலி குறைய வைக்கலாம் சார், பத்து நிமிடம், துணி சுற்றி. ஆற வைப்பதற்கு அது மருந்து இல்லை. ஓய்வு, ஐஸ், இறுக்கிக்கட்டு, உயரத் தூக்கிவை என்ற பாடத்தை 1978-ல் எழுதிய அமெரிக்க டாக்டர் கேப் மிர்கினே, ஐஸ் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று பிற்பாடு தன் கருத்தை மாற்றிக்கொண்டார். எலும்புக்கு வேண்டியது பாரக்குறைப்பும் நாளும் சாப்பாடும்.


யானைமலை_அடிவாரம்
டிசம்பர் 27, காலை 9:15

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எனக்குக் குதிகாலுக்குப் பின்னால், கெண்டைக்காலிலிருந்து இறங்குகிற அந்தத் தடித்த நரம்பில் வலி. காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போது மரக்கட்டை மாதிரி இருக்கிறது, பனி நாளில் இன்னும் மோசம். ஓட ஓடச் சரியாகிவிடுகிறது. அப்படியே விட்டுவிடலாமா?


ஒத்தக்கடை_பிசியோ
டிசம்பர் 27, பகல் 2:30

அப்படியே விட்டுவிடாதீர்கள். 'ஓட ஓடச் சரியாகிவிடுகிறது' என்பதுதான் ஏமாற்றுகிற வலி, வடகரை சாரும் முதல் பதிவில் அதைத்தான் சொன்னார்.

வீட்டு வாசற்படியே போதும். படி விளிம்பில் பாதத்தின் முன்பகுதி மட்டும் நிற்கட்டும், குதிகால் அந்தரத்தில். கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். நல்ல காலால் எம்பி மேலே போங்கள், வலிக்கிற காலுக்கு உடம்பை மாற்றி, மூன்று எண்ணுகிற நேரத்தில் மெதுவாகக் குதிகாலைப் படிக்குக் கீழே இறக்குங்கள். இறக்குவதுதான் மருந்து. 15 தடவை, மூன்று சுற்று, முழங்காலை நேராக வைத்து. அதே அளவு லேசாக மடக்கி. காலையும் மாலையும், 12 வாரம். 1998-ல் சுவீடனின் ஆல்ஃபிரட்சன் என்ற எலும்பு மருத்துவர் வெளியிட்ட முறை இது. முதலில் கொஞ்சம் வலிக்கும், அது தாங்குகிற அளவில் இருந்தால் பரவாயில்லை. வலி அந்தத் தசைநாரின் நடுவில் இல்லாமல் குதிகால் எலும்பிலேயே ஒட்டுகிற இடத்தில் இருந்தால் படிக்குக் கீழே இறக்க வேண்டாம், தரையிலேயே செய்யுங்கள்.

அதோடு உங்கள் ஷூவைத் திருப்பி அடிப்பாகத்தைப் படம் எடுத்துப் போடுங்கள்.


யானைமலை_அடிவாரம்
டிசம்பர் 27, இரவு 8:20

படம் போட்டிருக்கிறேன். வாங்கி இரண்டு வருஷம், 1,300 கிலோமீட்டராவது ஓடியிருக்கும். மேலே துணி புதிதாகவே இருக்கிறதே என்று வைத்திருந்தேன்.


தெப்பக்குளம்_சுற்று
டிசம்பர் 28, காலை 7:50

பார்த்தேன். வெளிப்பக்கக் குதிகால் வாழைப்பழத் தோல் மாதிரி மெலிந்து உள்ளே இருக்கிற வெள்ளை நுரையே தெரிகிறது. ஷூவைச் சமதரையில் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள், ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். 500-லிருந்து 800 கிலோமீட்டருக்குள் மாற்றிவிடுவது நல்லது. நான் வாங்கிய தேதியை ஷூ நாக்கின் உள்பக்கம் பேனாவால் எழுதிவைத்துவிடுவேன். மழையில் நனைந்தால் வெயிலில் போடாமல் உள்ளே செய்தித்தாள் திணித்து நிழலில் காயவைப்பேன், வெயிலில் பசை விட்டுவிடும். வாங்கப் போவதென்றால் சாயங்காலம் போங்கள், பாதம் அப்போதுதான் கொஞ்சம் உப்பியிருக்கும்.


வைகை_வடகரை
ஜனவரி 3, மாலை 4:30

எம்.ஆர்.ஐ. எடுத்தாயிற்று. எலும்புக்குள் வீக்கம், கீறல் கோடு இன்னும் விழவில்லை என்றார் டாக்டர். "இன்னும் ஒரு நீண்ட ஓட்டம் ஓடியிருந்தால் விழுந்திருக்கும்" என்றும் சொன்னார். இன்னும் ஐந்து வாரம் ஓட்டம் கிடையாது. வலி இல்லாமல் நடக்கலாம், சைக்கிள் மிதிக்கலாம், நீந்தலாம். வைட்டமின் டி குறைவாகத்தான் இருந்தது, மாத்திரை கொடுத்திருக்கிறார்.

நாளை நண்பர்கள் சென்னையில் ஓடுகிறார்கள். நேற்றிரவு ரயிலேற்றிவிடப் போயிருந்தேன். வண்டி நகர்ந்தபோது தொண்டை அடைத்தது. சட்டையில் குத்திக்கொள்கிற என் பந்தய எண் அட்டையையும் வாங்கி வைக்கச் சொல்லி அனுப்பினேன்.

டாக்டரம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. கட்டைவிரலை நகர்த்தச் சொல்லாமல் இருந்திருந்தால் நேற்றிரவு நானும் அந்த ரயிலில் இருந்திருப்பேன்.


கூடல்நகர்_ஓட்டக்காரி
ஜனவரி 11, இரவு 9:00

ஒரு நினைவூட்டல். போகியன்று அதிகாலை ஓடாதீர்கள். பனி கீழே அழுத்திக்கொண்டிருக்கும்போது டயரும் பிளாஸ்டிக்கும் எரித்த புகை மேலே போகாது, தெருவிலேயே நிற்கும். வேகமாக ஓடும்போது உட்கார்ந்திருப்பதைவிடப் பல மடங்கு காற்றை இழுக்கிறோம். போன வருஷம் ஓடிவிட்டு என் தோழிக்குப் பொங்கல் முழுக்க இருமல். எங்கள் குழு அன்றைக்கு வீட்டு மாடியில் தண்டால், குந்துகை, படி ஏறுதல். மற்ற நாளிலும் பனிமூட்டத்தோடு குப்பை எரிகிற வாடை வந்தால் பாதையை மாற்றிவிடுகிறோம்.

தண்ணீரையும் மறக்காதீர்கள். தாகம் எடுக்காவிட்டாலும் வியர்வை போகிறது. ஈரக்காற்றில் காயாமல் சட்டையிலேயே நிற்கிறது, அவ்வளவுதான்.


யானைமலை_அடிவாரம்
ஜனவரி 24, காலை 8:30

நான்கு வாரம் படியில் இறக்கி ஏற்றியாயிற்று. காலையில் மரக்கட்டை மாதிரி இருந்தது பாதியாகக் குறைந்திருக்கிறது. புது ஷூ வாங்கிவிட்டேன், தேதியும் எழுதிவிட்டேன். தூரம் 4 கிலோமீட்டர், சமதரையில் மட்டும்.


வைகை_வடகரை
பிப்ரவரி 7, இரவு 8:15

இன்று டாக்டர் அழுத்திப் பார்த்தார். அந்த இடத்தில் வலி இல்லை. ஒற்றைக்காலில் பத்து தடவை குதிக்கச் சொன்னார், குதித்தேன், ஒன்றுமில்லை. நாளையிலிருந்து ஒரு நிமிடம் ஓட்டம், நான்கு நிமிடம் நடை, ஐந்து தடவை. ஒருநாள் விட்டு ஒருநாள். இரவில் வலித்தால் மறுபடி நிறுத்த வேண்டும்.

ஆற்றோரத்தில் தனியாக ஓடினால் அந்த ஒரு நிமிடத்தை ஐந்து நிமிடமாக்கிவிடுவேன் என்று எனக்கே தெரிகிறது. தெப்பக்குளம் அண்ணே, உங்களோடு வரலாமா?


தெப்பக்குளம்_சுற்று
பிப்ரவரி 7, இரவு 8:40

வாங்க தம்பி. 6:25, மாரியம்மன் கோயில் வாசல். தெப்பத் திருவிழாக் கூட்டமெல்லாம் போய்விட்டது, பாதை காலியாகத்தான் இருக்கிறது. நாளை இடப்பக்கச் சுற்று. நிமிடக் கணக்கை நான் பார்த்துக்கொள்கிறேன், கடிகாரத்தை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.